சாய்ந்து உட்காரக் கூடாத வீடு

இப்போதெல்லாம் ஒரு மனிதனோடு நின்று பேச முடிவதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று நாம் கேட்பதற்குள் அவன் உங்கள் பக்கம் சதுரடி என்ன விலை என்று கேட்டுவிடுகிறான். டீ ஆற்றுகிறவன் கேட்கிறான். முடிவெட்டுகிறவன் கத்தரியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறான். பல் பிடுங்கப் போனேன், டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துவிட்டு, உங்க ஏரியாவில் வீடு ஏதாவது விலைக்கு வருகிறதா என்றார். பதில் சொல்லவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. இருப்பதற்கு ஒரு வீடு என்றிருந்தது போய், இருக்கிற வீடு ஏன் சும்மா இருக்கிறது, அது ஏன் நாலு காசு சம்பாதிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. ஆள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வீட்டை வேலைக்கு அனுப்புகிற காலம்.

நான் லாரி ஓட்டியவன். பாதி வாழ்க்கை டிரைவர் சீட்டிலேயே தூங்கி எழுந்து போய்விட்டது. கண் சரியில்லை என்று வண்டியிலிருந்து இறக்கிவிட்ட பிறகு, ஒரு பெயிண்டர் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்துக் கிடக்கிறேன். தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் என் இரும்புப் பெட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் குடும்பம். குடும்பம் என்றால் பெயிண்டரும் அவன் சம்சாரமும்தான். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. சுவர் மெல்லியது. அவர்கள் சண்டை போட்டால் எனக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள்.

வீடு பெயிண்டருடையது அல்ல, சம்சாரத்துடையது. அவள் அப்பா விட்டுப் போனது. அவர் விட்டபோது இரண்டு அறையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான். பின்னால் சமையலறையைக் கட்டியது, துவைக்கிற கல் போட்டது, கழிவறைக்குக் கதவு வைத்தது எல்லாம் அவள். ரொட்டி கம்பெனியில் பேக்கிங் வேலை. விடிவதற்கு முன் போய் மத்தியானம் திரும்புவாள். தெரு திரும்பும்போதே சுட்ட மாவு வாசனை அவளுக்கு முன்னால் வரும். ஓரம் கருகியது, நசுங்கியது என்று கம்பெனி ஒதுக்குகிற ரொட்டியை ஒரு பையில் போட்டுக்கொண்டு வருவாள். எனக்கும் ஒரு துண்டு உண்டு. டீயில் நனைத்துத் தின்றால் கருகின ருசியே தனி. பல் இல்லாதவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

பெயிண்டர் வேலையில் கெட்டிக்காரன். அதில் குறை சொல்ல மாட்டேன். பழைய சுவரைச் சுரண்டி, பள்ளம் நிரவப் பட்டி மாவு வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு பல்பைச் சுவரோரமாகப் பிடித்துக்கொண்டு மேடு பள்ளம் பார்ப்பான். பல்பு வெளிச்சம் சுவரில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், எங்காவது தட்டினால் மறுபடி தேய்ப்பான். மற்ற விஷயத்தில் அவனே ஈரம் காயாத சுவர். யார் கை வைத்தாலும் பதிந்துவிடும்.

கை வைத்தவன் அவன் மச்சினன். சம்சாரத்துக்குத் தம்பி. ஏதோ கம்பெனியில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தான். அது ஓடவில்லை. ஒரு நாள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். வெயில் கொளுத்துகிறது, இவன் கழுத்தில் சுருக்கு. அன்றிலிருந்து அவனுக்கு டைக்காரன் என்று பெயர் வைத்தேன். பெரிய ஹோட்டல் ஒன்றில் காசு கட்டி வகுப்புக்குப் போனானாம். வீடு வாங்கிப் பணக்காரன் ஆவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். நடுவில் டீயும் பிஸ்கட்டும் உண்டாம்.

"மாமா, நீங்க ஒழைக்கறீங்க. ஒழைக்கறவன் ஒழைச்சுட்டேதான் இருக்கணும். நாம ஒழைக்கக் கூடாது, பணத்தை ஒழைக்க விடணும்" என்றான்.

பெயிண்டர் கையில் காய்ந்திருந்த பெயிண்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். "பணம் எங்க மாப்ளே இருக்கு, அதை ஒழைக்க விட."

"இல்லாதவங்களுக்குத்தான் மாமா இந்த ரூட்டே. இருக்கறவன் எதுக்கு வகுப்புக்கு வர்றான். பேங்க் காசுல வீடு வாங்கறோம். குடி வர்றவன் வாடகை குடுக்கறான். அந்த வாடகைல கடனைக் கட்டறோம். நடுவுல நீங்க சும்மா நிக்கறீங்க. கடைசில வீடு உங்களுது."

"சும்மா நிக்க ஒரு வீடு வேணுமா. இங்கயே நல்லாத்தானே நிக்கறாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, நீ குறுக்க பேசாத. மொத வீடுதான் கஷ்டம். அப்பறம் வீடே வீட்டை வாங்கும்."

"குட்டி போடுமா?"

"ஒரு விதத்துல ஆமா."

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஏன் தம்பி, நீ எத்தனை வீடு வாங்கியிருக்கே?"

"நான் இன்னும் கத்துக்கற ஸ்டேஜ்ல இருக்கேன் அங்கிள்."

"இருக்கற ரூமுக்கு வாடகையாவது சரியா குடுக்கறியா?"

"அது வேற, இது வேற அங்கிள்."

அங்கிளாம். இவன் அப்பனுக்கு நான் எப்போது தம்பியானேன் என்று தெரியவில்லை. சொந்தமாக ஒரு கதவு இல்லாதவன், அடுத்தவனுக்கு வீட்டுக்கு வழி சொல்கிறான். அதையும் ஒருத்தன் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறான்.

பெயிண்டருக்குப் பதிந்துவிட்டது. சாப்பாட்டில் கை வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பான். வேலைக்குப் போகிற இடத்தில் வீட்டுக்காரர்களிடம் இது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்க ஆரம்பித்தான். பெயிண்டர் இப்படிக் கேட்டால் எந்த வீட்டுக்காரன் கூப்பிடுவான், கூலி ஏற்றப் போகிறான் என்றுதான் நினைப்பான். இரண்டு வேலை போயிற்று.

டைக்காரன் ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்தான். பழைய பஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் கோடியில் வீடு. ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை. வடக்குச் சுவர் முழுக்க ஓதம் ஏறி, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. உள்ளே போனால் நனைந்த கோணி வாசனை. வருகிறவன் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டான், அதனால் விலை இறங்கிக் கிடந்தது. பெயிண்டர் மட்டும் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கூடப் போயிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இதுதானா? இத நான் ஒரு மாசத்துல கண்ணாடி ஆக்கிடுவேன் பெரியவரே."

பேங்க் அவன் கூலியை நம்பிக் கடன் கொடுக்கவில்லை. சம்சாரத்தின் வீட்டை ஈடாக வைத்தால்தான் என்றது. கையெழுத்துப் போடுகிற அன்றைக்குக் காலையில் அவள் என் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். முகத்தில் பவுடர் போட்டிருந்தாள். அவளுக்கு மனசு சரியில்லாத நாளில்தான் பவுடர் போடுவாள்.

"நீயுமா இதுக்கு ஒத்துக்கறே?" என்றேன்.

"காலம் பூரா அடுத்தவங்க வீட்டை அழகு பண்ணிட்டு வர்ற மனுஷன் பெரியப்பா. ஒண்ணு அவருக்குன்னு இருந்துட்டுப் போகட்டும்னு தோணிடுச்சு."

"தவணை கட்ட முடியலன்னா அது போகாது. இதுதான் போகும். உன் வீடு."

"தெரியும்."

"தெரிஞ்சு?"

"அதான் ஆள் குடி வச்சா வாடகை வரும்ங்கறாரே. அத வச்சுக் கட்டிடலாம். என் சம்பளம் சாப்பாட்டுக்கு. இது போச்சுன்னா நான் எங்க போவேன், சொல்லுங்க. போகாது பெரியப்பா."

போகாது என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிரேக் பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்கும் என்று சொல்கிற கிளீனர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு கைக்கு வந்ததும் பெயிண்டர் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டான். நானும் பொழுது போகாமல் அங்கே போவேன். வடக்குச் சுவர்ப் பூச்சைச் செங்கல் தெரிகிற வரைக்கும் கொத்தி எடுத்தான். சந்துப் பக்கம் மழைத் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து வாய்க்கால் வெட்டினான். செங்கலை வாரக்கணக்கில் காய விட்டான். பிறகு பூச்சு, பிறகு பட்டி. தலை, புருவம் எல்லாம் வெள்ளையாக, முகத்தில் கண் மட்டும் இரண்டு ஓட்டையாகத் தெரியும். உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். தேய்த்த தூள் காற்றில் மிதந்து டீ கிளாஸில் ஆடையாகப் படியும். அதையும் குடிப்பான்.

"ஒரு மாசம்னியே" என்பேன்.

"சுவத்தை அவசரப்படுத்தக் கூடாது பெரியவரே."

"பேங்க்காரன் உன்னை அவசரப்படுத்துவான்."

"வாடகை வந்துடும்ல."

மூன்று கை பெயிண்ட் அடித்தான். வெளிறின மஞ்சள், பால் திரிகிறதுக்கு முன்னால் இருக்கிற நிறம். சும்மா சொல்லக் கூடாது, வேலை முடிந்து ஜன்னலைத் திறந்துவிட்டபோது என் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. மத்தியான வெயில் கூடத்தில் விழுந்து சுவர் உள்ளேயிருந்து விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. சம்சாரம் வேலையிலிருந்து நேராக வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். உள்ளே வந்து நடுவில் நின்றாள். எங்கேயும் தொடவில்லை.

"நம்ம வீட்டுக்கு இப்படி ஒரு தடவை அடிச்சிருக்கலாம்" என்றாள். அவள் வீட்டுச் சுவர் எந்தக் காலத்திலோ அடித்தது. என் அறையில் மழை வரைந்த படங்கள்தான் இருக்கின்றன.

"அது நாம இருக்கற வீடுதானே" என்றான் பெயிண்டர்.

அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

வீடு பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு இளம் ஜோடி. செல்போன் கடையில் வேலை செய்கிற பையன், அவன் பெண்டாட்டி. நல்ல பிள்ளைகள். அந்தப் பெண் சுற்றிப் பார்த்த அலுப்பில் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். பெயிண்டர் பேச்சை நிறுத்திவிட்டான்.

"அம்மா, கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க."

"ஏங்க?"

"இல்ல, தலைல எண்ணெய் வச்சிருக்கீங்க."

அந்தப் பெண் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பையன் முகம் சிவந்துவிட்டது. அவர்கள் போனதும் பெயிண்டர் டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தான். "பாத்தீங்களா, இங்க ஒரு வட்டம். தெரியுதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"உங்களுக்குக் கண்ணுல கோளாறு பெரியவரே."

கண்ணில் கோளாறுதான். இல்லாவிட்டால் நான் எதற்கு இவன் வீட்டில் குடியிருக்கப் போகிறேன்.

அடுத்து ஒரு டெய்லர் வந்தார். தனி ஆள், மெஷினைக் கூடத்தில் போட்டுக்கொள்கிறேன் என்றார். மெஷின் காலால் தரை கீறும், துணி தொங்கவிடக் கம்பி அடிப்பீர்களா என்று இவன் கேட்டான். துணியைத் தொங்கவிடாமல் தலையிலேயா வைத்துக்கொள்வது என்று அவர் கேட்டார். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு ஸ்கூல் வாத்தியாரும் அவர் அம்மாவும். அந்த அம்மா சமையலறையைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

"எண்ணெய் காய வச்சுப் பொரிக்கறது வறுக்கறது எல்லாம் உண்டுங்களா?" என்றான் பெயிண்டர்.

"எப்பவாவது."

"புகை போய் மேல படிஞ்சிரும். வெளில வச்சுச் செஞ்சுக்க முடியுமா?"

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்ப்பா, மூச்சு விடலாமா?"

"விடலாம் சார், ஜன்னலைத் தெறந்து வச்சுட்டு."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னான். ஆள் அழைத்துவந்த புரோக்கர் சந்தில் நின்று என்னிடம் சத்தம் போட்டான். "இவன் வாடகைக்கு விடறானா, வேலைக்கு ஆள் எடுக்கறானா? இனி இந்தச் சந்துக்குள்ள நான் கால் வச்சா என்னைக் கேளுங்க" என்று பைக்கை உதைத்தான். அது கிளம்பவில்லை. நாலு உதை உதைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனான்.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கிறுக்கு ஒரு பெயிண்டருக்குத்தான் வரும். வீட்டில் உள்ள சாமான் எல்லாம் எடுத்த பிறகுதான் அவன் உள்ளே போகிறான். வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான். அதற்குப் பிறகு அங்கே மனிதர்கள் சமைத்து, சாய்ந்து, பிள்ளை பெற்று, எச்சில் துப்பி என்ன செய்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஆள் இல்லாத வீடுதான் அவனுக்கு வீடு. அப்படிப்பட்டவனைப் பிடித்து வீட்டுக்காரன் ஆக்கினான் டைக்காரன். ஹோட்டல் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

டைக்காரனிடம் கேட்டேன். "குடி வர்றவன் கடனைக் கட்டுவான்னியே, குடியே வரலியே."

"இது ஆரம்பத்துல எல்லாருக்கும் வர்றதுதான் அங்கிள். இதுக்கு ஒரு பேரு இருக்கு."

"பேரு என்னவோ இருந்துட்டுப் போகட்டும். தவணையை அந்தப் பேரு கட்டுமா?"

போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

மழைக்காலம் வந்தது. பெயிண்டர்களுக்கு மழையில் வேலை இல்லை. இவனுக்கு மழை இல்லாதபோதும் இல்லை. தினமும் அந்த வீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறப்பான், மூடுவான், ஓதம் திரும்ப வருகிறதா என்று சுவரில் கன்னத்தை வைத்துப் பார்ப்பான். சம்சாரம் மத்தியானத்துக்குப் பிறகும் கம்பெனியில் நின்று வேலை பார்க்க ஆரம்பித்தாள். கருகின ரொட்டியைத் தெருவில் இரண்டு வீட்டுக்கு விற்றாள். என் துண்டு சின்னதாகிவிட்டது. அது பரவாயில்லை.

ஒரு நாள் அவள் வருகிற நேரம் பார்த்து வாசலில் ஒருத்தன் நின்றான். பேங்க்கிலிருந்து வந்திருந்தான். சட்டை நனைந்திருந்தது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் போட்டோ எடுத்தான். முன்பக்கம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, சமையலறைக் கூரை ஒன்று. என்னையும் சேர்த்து ஒன்று.

"எதுக்குப்பா?" என்றேன்.

"ஆபீஸ்ல கேட்டாங்க ஐயா. நீங்க வாடகைக்கு இருக்கறவரா? எவ்வளவு நாளா?"

அவள் ரொட்டிப் பையோடு வந்து நின்றாள். அவன் மரியாதையாகத்தான் பேசினான். இந்த மாசமும் கட்டாவிட்டால் ஃபைலை மேலே அனுப்பிவிடுவார்கள், அதற்கப்புறம் என் கையில் இல்லை அம்மா என்றான். இவள் சரி சரி என்று தலையாட்டினாள். அவன் போன பிறகு வாசல்படியில் உட்கார்ந்தாள். தலையில் கம்பெனி வலைத்தொப்பி இன்னும் இருந்தது.

"சமையல்கட்டை எதுக்கு பெரியப்பா போட்டோ எடுத்தான்?"

விற்கிறதுக்குத்தான் போட்டோ எடுப்பார்கள். அவளுக்கும் தெரியும்.

"அங்க இருக்கறது போகட்டும். இது என் கையால கட்டினது" என்றாள். அழவில்லை. பையிலிருந்து ரொட்டியை எடுத்து ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளுக்காக நான் ஒரு ஆளைப் பிடித்தேன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். லாரி ஷெட்டில் பழக்கம். பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள். இருந்த வீட்டில் தண்ணீர் நின்று கட்டில் கால் முங்கிவிட்டது, எந்த வீடு என்றாலும் சரி, கூரை இருந்தால் போதும் என்றான். பெயிண்டர் சந்து வீட்டில்தான் இருப்பான், போய்ப் பார் என்று அனுப்பிவிட்டு வந்து இவளிடம் சொன்னேன். அவள் மாவு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க பொட்டில சுத்தியல் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"குடுங்க. ரெண்டு ஆணியும் குடுங்க."

மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் போக, நான் குடையோடு பின்னால் போனேன். எனக்காக நிற்கவில்லை.

அங்கே வாசலில் கோணியைப் போட்டு வேன்காரன் குடும்பத்தை அதன்மேல் நிறுத்தி வைத்திருந்தான் பெயிண்டர். நாலு பேரும் ஒரு கோணியில். பிள்ளைகளைக் கையை நீட்டச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பென்சில் கிறுக்குவீங்களா?"

பெரியவள் இல்லை என்றாள். சின்னவன் ஆமாம் என்றான்.

"உண்மையைச் சொல்றான் பாருங்க. அதான் கேக்கறது" என்றான் பெயிண்டர்.

வேன்காரன் பெண்டாட்டி கையில் ஒரு கனத்த பை. நனைந்த துணியாக இருக்கும், தண்ணீர் சொட்டியது. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "வேற எடம் பாக்கலாங்க" என்றாள் புருஷனிடம். "அண்ணே, இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று வேன்காரன் என்னைப் பார்த்தான்.

சம்சாரம் அவர்களுக்கு நடுவில் புகுந்து உள்ளே போனாள். செருப்பைக் கழற்றவில்லை. அந்தத் தரையில் சேற்றுக் கால் பதிந்தது. கூடத்தில் நேர் எதிரே, வெயில் விழுகிற அந்த வடக்குச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். ஆணியை நட்ட நடுவில் வைத்து ஓங்கி அடித்தாள்.

காலி வீட்டில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் பாருங்கள். பட்டி சின்னச் சில்லாகத் தெறித்து விழுந்தது. இன்னும் மூன்று அடி. ஆணி நின்றது.

"பையைக் குடும்மா" என்று வேன்காரன் பெண்டாட்டியிடமிருந்து வாங்கி அதில் மாட்டினாள். பையிலிருந்து தண்ணீர் சுவரோடு கோடாக இறங்கியது.

பெயிண்டர் வாசலிலேயே நின்றான்.

"பாத்துக்கங்க" என்றாள். "இன்னொண்ணும் அடிக்கறேன். உங்க பொம்மை வீட்டுக்கு என் வீட்டைக் குடுக்க முடியாது."

இரண்டாவது ஆணியை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள்.

"அங்க வேணாம்" என்றான் பெயிண்டர்.

"ஏன் வேணாம்?"

"அங்க வொயர் போகுது. கை ஈரமா இருக்கு உனக்கு. இந்தப் பக்கம் தள்ளி அடி."

அவள் தள்ளி அடித்தாள். அவன் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். சின்னவன் கோணியிலிருந்து இறங்கி, ஒருத்தரும் திட்டவில்லை என்று பார்த்துக்கொண்டு, கூடத்தில் ஓடினான். சுவரில் இரண்டு கையையும் வைத்துத்தான் நின்றான். அவர்கள் அன்றைக்கே வந்துவிட்டார்கள்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு நானும் கட்டிலில் படுத்திருக்கலாம். மனிதர்கள் நல்லபடியாக முடிகிறவர்கள் இல்லை.

வாடகை வந்தது. வேன்காரன் நாணயமானவன், சொன்ன தேதிக்கு வந்து கொடுத்தான். முன்பணத்தில் நின்றுபோன தவணை கட்டியாயிற்று. பேங்க்காரன் மறுபடி வரவில்லை. மழை நின்று பெயிண்டரும் வேலைக்குப் போக ஆரம்பித்தான். சந்துப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான், பார்த்தால் வயிறு எரியும் என்றான். சம்சாரம் சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவள் வீடு அவளிடமே இருந்தது. அந்த வீட்டில் புத்தி உள்ளது அவள் ஒருத்திதான் என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

வாடகை வாங்கப் போய் வருவது அவள்தான். போகிற வழியில் இந்த வீடு என்ன போகிறது, அந்த வீடு என்ன போகிறது என்று விசாரித்துக்கொண்டு வருவாள் போலிருக்கிறது. சாப்பிடும்போது அதைச் சொல்வாள். சுவர் மெல்லியது என்று சொன்னேனே. போன வருஷம் சண்டை கேட்டது, இப்போது விலை கேட்டது. டைக்காரன் வந்தால் முன்னெல்லாம் உள்ளேயிருந்தே பதில் சொல்கிறவள், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

ஒரு லீவு நாள் மத்தியானம் என் அறைக்கு மூன்று பேரும் வந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து என் அறைக்கு வந்ததே இல்லை. அவள் ஒரு முழு ரொட்டியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். கருகாதது. கருகாத ரொட்டியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, ஏதோ இருக்கிறது.

"பெரியப்பா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே" என்றாள்.

"சொல்லு."

"நீங்க வந்தப்ப சொன்ன வாடகைதான் இன்னும் குடுக்கறீங்க."

"நீ ஏத்திக் கேக்கல, நான் குடுக்கல."

"கேக்கத் தோணல. எங்களுக்கு வெளி நிலவரம் தெரியாது. இப்பதான் தெரியுது. இந்த மாதிரி முன் ரூம், தெரு பாத்தது, தனி வாசல், ரெண்டு பசங்களுக்கு விட்டா இதுல ரெண்டு பங்கு கேக்கறாங்க."

"அங்கிள், இது உங்க மேல கோவத்துல இல்ல" என்றான் டைக்காரன். "ஒரு சொத்து அதோட தகுதிக்குச் சம்பாதிக்கணும்."

"நீ வாயை மூடு" என்றாள் அவள் தம்பியிடம். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அடுத்தாற்போல் அவளே சொன்னாள். "உங்களைப் போகச் சொல்லல பெரியப்பா. நீங்க எங்க வீட்டு மனுஷன் மாதிரி. ஆனா அடுத்த தெருவுல ஒண்ணு வருது, ஓதம் எல்லாம் கிடையாது. இந்த ரூம் வாடகையைச் சேத்துக் காட்டினாத்தான் பேங்க் குடுப்பான். நானே போய்க் கேட்டுட்டேன்."

"எதை வச்சுக் கேட்டே?"

அவள் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். வேறு எதை வைத்திருக்கப் போகிறாள். அதே வீடு. அதே சமையலறை.

பெயிண்டரைப் பார்த்தேன். அவன் அண்ணாந்து என் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ என்னப்பா சொல்றே?"

"எனக்கு என்ன தெரியும் பெரியவரே. போன தடவை என் பேச்சைக் கேட்டுத்தான் இவ்வளவும் ஆச்சு. இந்தத் தடவை அவ பாத்துக்கறா."

"போன தடவை என்ன பெரியப்பா தப்பா போச்சு? குடி வைக்காததுதான் தப்பு. வீடு வாங்கினது தப்பில்லையே. கணக்கு சரியாத்தான இருந்துச்சு" என்றாள் அவள். டைக்காரன் தலையாட்டினான், வகுப்பில் நல்ல மார்க் வாங்கினவளைப் பார்த்த மாதிரி.

சமையலறையைப் போட்டோ எடுத்தபோது வாசல்படியில் உட்கார்ந்திருந்தவளும் இவளும் ஒரே பொம்பிளைதானா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அதே முகம்தான். பவுடர்கூடப் போடவில்லை.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. சொன்னால் கேட்கிற முகம் அங்கே ஒன்றும் இல்லை. ரொட்டியில் ஒரு துண்டைக்கூடத் தொடாமல் எழுந்து செருப்பைப் போட்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

"யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு. எல்லாரும் பண்றதுதான பெரியப்பா. நல்லதுதான் நடக்கும்."

"நடக்கட்டும்" என்றேன். "நானும் நடக்கறேன்."

அவள் வாசல் வரைக்கும் வந்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வட்டி குறைந்திருக்கிறது என்று காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. லாரி ஷெட்டுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு ஆள் தங்குகிற ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்கப் போய்க்கொண்டிருந்தேன். வெயில் ஏறிவிட்டது. நல்லது நடக்குமாம். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை.